மாப்பிள்ளைக்குத் திறக்காத கதவு

“தலையை ஆட்டாதே!” என்று கூட வேலை பார்க்கும் சேவியர் அலறினான்.

திரைக்கு முன் நாற்காலியில் இருந்த மாதங்கி சிலையானாள். அவளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த சித்தியின் கையும் அப்படியே நின்றது.

“சித்தி, ஜடையை இழுக்காதீங்க. தலை ஆடினா நிரலை ஒப்புக்கிட்டதா ஆயிடும்” என்றாள் மாதங்கி.

“கல்யாணப் பொண்ணு தலையைத் தொடக் கூடாதாம்! நல்ல உத்தியோகம்டி!”

உத்தியோகம் அப்படித்தான். பூமியைச் சுற்றும் வளையூரில் எல்லா இயந்திரங்களுக்கும் நிரலூற்று என்னும் செயற்கை மூளைதான் நிரல் எழுதுகிறது, கண் இமைப்பதற்குள். ஆனால் ஒரு மனிதர் படித்துவிட்டுத் தலையசைத்தால்தான் அது ஓடும். அசைவைப் பிடிக்கத் திரைக்கு மேல் ஓர் ஒப்புக்கண். கையெழுத்து, பொத்தான் எல்லாம் மலையேறிப் பல வருஷம் ஆயிற்று.

மாப்பிள்ளை நித்திலன் பரிவாரத்தோடு விண்பேருந்தில் வந்து சேர்ந்துவிட்டான். பேருந்தின் கதவுதான் திறக்கவில்லை.

“மாது! முகூர்த்தம் போயிடும் போலிருக்கே!” ஒலிபெருக்கியில் அவன் குரல். “எங்க மாமா நாதஸ்வரத்தால கண்ணாடியை உடைக்கறேங்கறார்!”

“உடைச்சா கல்யாணம் வெற்றிடத்துலதான். சும்மா இருக்கச் சொல்லு!”

கதவையும் வளையூரையும் இணைப்பது ஒரு யூஎஸ்பி கம்பி. அதன் நுனியில், செய்தியை அனுப்பவும் வாங்கவும் கடுகளவு சில்லு. தூங்கி எழுந்த சில்லின் கடிகாரம் நிதானத்துக்கு வரக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதை இயக்கும் நிரலோ, எழுப்பிய கையோடு ‘திற’ என்று கட்டளையிட்டது. சில்லு அரைத்தூக்கத்தில் உளறியது. பூட்டு மறுத்துவிட்டது.

நிரலூற்றின் திருத்தம் திரைக்கு வந்தது.

“காத்திருக்கற வரியைச் சேர்த்தாச்சு. இப்ப ஆட்டு தாயே!” என்றான் சேவியர்.

“எங்கே சேர்த்திருக்கு பாரு.” கழுத்தை விறைத்துக்கொண்டே பேசினாள் மாதங்கி. “மின்சாரம் குடுக்கறதுக்கு முன்னாடி! தூங்கறவன் பக்கத்துல உக்காந்து காத்திருந்துட்டு, எழுப்பின உடனே கணக்குக் கேக்குது. இன்னொரு தரம் தப்பாச் சொன்னா பூட்டு இறுகிடும். பூமியிலேருந்து ஆள் வரணும். தாலி நாளைக்குத்தான்!”

“ஐயோ!” என்றது ஒலிபெருக்கி.

“மறுக்கிறேன். முதல்ல மின்சாரம், அப்புறம் காத்திருப்பு.”

மறுதிருத்தம் வந்தது. மேளக்காரர்கள் குச்சியோடு காத்திருக்க, அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு பலமாகத் தலையசைத்தாள். மல்லிகை நாலா பக்கமும் பறந்தது.

கதவு திறந்தது. மாமா நாதஸ்வரம் ஊதிக்கொண்டே உள்ளே நுழைந்தார். முகூர்த்தம் தப்பவில்லை.

தாலி கட்டி முடித்ததும் நித்திலன் கேட்டான். “அந்தப் பழைய நிரலை எந்த மகானுபாவர் ஒப்புக்கிட்டார்? அவரைக் கடைசிப் பந்தியிலதான் உக்கார வைக்கணும்!”

“இதோ, வருது,” என்றான் சேவியர்.

பிழை தீர்ந்தால், அதை முதலில் ஒப்புக்கொண்டவரின் பதிவுக் காட்சியை வளையூரின் எல்லாத் திரைகளிலும் காட்டவேண்டும் என்பது விதி. மண்டபத் திரை ஒளிர்ந்தது.

அதே நாற்காலி. அதில் மாதங்கி. பின்னால் இரண்டு கையிலும் காபியோடு நித்திலன். “எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை மாது. என்னைக் கட்டிக்கறியா?”

திரையில் இருந்தவள் எதிரே இருந்த கதவு நிரலைப் பார்க்கவே இல்லை. சம்மதம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒப்புக்கண் பச்சையாக மின்னியது. “ஒப்புதல் கிடைத்தது. நன்றி.”