தோட்டத்துக் கதவின் தாழ்ப்பாள்

தோட்டத்துக் கதவுக்கு உள்பக்கம் தரை அன்றைக்கும் ஈரமாக இருந்தது. தாய்வீட்டிலிருந்து கைப்பிள்ளையோடு சுதா திரும்பி வந்த நாளிலிருந்து, விளக்கு வைக்கிற நேரமானால் அதே இடத்தில் அதே ஈரம். முதலில் மோட்டார் பைப் ஒழுகுகிறது என்றிருந்தாள், பிறகு நாய் என்றாள். ஆனால் உத்திரமேரூர் ஏரியே வெடித்துக் கிடக்கிற கோடையில் எந்த நாய் இப்படிச் சொட்டச் சொட்ட நனைந்து வரும்? துடைத்த துணியில் ஒட்டிய சேறு மஞ்சளாக இருந்தது. இந்தப் பக்கத்து மண் கருப்பு. ஊறிப்போன தோல் செருப்பின் வாடை வேறு.

அந்தக் கதவுக்கு அந்த வீட்டில் தாழ்ப்பாள் போடுவதில்லை. அவள் கணவன் தமிழரசனுடைய தாத்தாவின் அப்பா சேட்டு, உலகச் சண்டையின்போது, பிள்ளைத்தாய்ச்சியான மனைவியிடம் நான் வரும்வரைக்கும் கதவைச் சாத்தாதே என்று சொல்லிவிட்டு அந்த வழியாகத்தான் பட்டாளத்துக்குப் போனாராம். அவரும் வரவில்லை, செத்தார் என்ற செய்தியும் வரவில்லை. அந்த அம்மாள் காலமான பிறகும் கதவு அப்படியே கிடந்தது.

ஆண் பிள்ளை பிறந்தால் சேட்டு என்று பெயர் வைக்கத் தமிழரசனுக்கு ஆசை. மாமியார் ஆதிலட்சுமி ஒப்பவில்லை.

“கருமாதி பண்ணாத பேர புள்ளைக்கு எப்டிடா வெக்கறது? ஆளு கீறாரா இல்லையானே தெரியாது.”

“இருந்தா நூறு தாண்டியிருக்கும்மா. வந்து இன்னா, டிராக்டர் ஓட்டப்போறாரா?”

பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே சுதா தேட ஆரம்பித்தாள். பரணிலிருந்த அவருடைய பழைய கடித உறையில் பட்டாளத்து எண் இருந்தது. அதை வைத்துப் படைப்பிரிவைக் கண்டுபிடித்து எழுதிப் போட்டாள். பழைய ஆவணங்களின் நகல் அன்று மதியம்தான் வந்தது. பர்மாவில் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளத்தோடு போய்விட்டார், உடல் கிடைக்கவில்லை. கடைசித் தாளில், அதற்கு முந்தின நாள் அவர் கேட்ட விடுப்பு இருந்தது. மகன் பிறந்திருக்கிறான், ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். குறுக்கே சிவப்பு மையில், மறுக்கப்பட்டது.

ஆதிலட்சுமி கொஞ்ச நேரம் அழுதாள். அடுத்த நாளே காரியத்தை முடித்துவிடலாம் என்று, பங்காளிகளிடம் சொல்ல மகனோடு வண்டியில் திருப்புலிவனம் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“இனிமே யாருக்குத் தொறந்து வெக்கறது? தாப்பா போட்ருமா.”

ஈரத்தைத் துடைத்து முடித்த கையோடு சுதா அதைச் செய்தாள். துருவேறிய தாழ்ப்பாள் நகரவில்லை. அம்மிக் குழவியை எடுத்து வந்து இரண்டு தட்டுத் தட்டி இறக்கினாள். மனசுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. விளக்கேற்றினாள், நடு அறைத் தூளியில் தூங்கும் பிள்ளையைப் பார்த்தாள், அடுப்பில் உலை வைத்தாள், காரணமில்லாமல் மறுபடி போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அப்போது தாழ்ப்பாள் கிணுங்கியது.

யாரோ வெளியிலிருந்து கதவை அசைக்கிறார்கள் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தோட்டத்தில் ஒருவரும் இல்லை. வாழை இலைகூட அசையவில்லை. சத்தம் நிற்கவில்லை. கதவைப் பார்த்தாள். உள்பக்கத்துத் தாழ்ப்பாள் தானாக மேலே எழும்பப் பார்த்தது. முடியாமல் விழுந்தது. மறுபடி எழும்பியது.

கீழே, துடைத்த தரையில், ஈரம். பூட்ஸ் தடம். எல்லாம் நடு அறையிலிருந்து கதவைப் பார்த்து வந்தவை. வெளியே போனது ஒன்றுகூட இல்லை. வந்து பார்த்துவிட்டுப் போகிறவரை உள்ளே வைத்துத் தாழிட்டுவிட்டாள்.

ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். இறங்கிப்போன இரும்பு அசையவில்லை. நகம் பிய்ந்தது. இழுத்தாள். அவள் விரல்களின்மேல் இன்னொரு கை வந்து சேர்ந்து இழுத்தது. குளிர்ந்த கை. ஊறிச் சுருங்கிய தோல்.

பிறகு அந்தக் கை விட்டுவிட்டது.

சதக். சதக். நடு அறைப் பக்கம்.

“தொறந்துடறேன் தாத்தா,” என்றாள். “புள்ளைகிட்ட போவாதீங்க.”

தூளிக் கயிறு முனகியது.

அவளால் அந்த அறையின் வாசற்படிவரைதான் போக முடிந்தது. தூளி தரையைத் தொடுமளவு தொங்கி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. துணியின் ஒரு முனையில் இரண்டு பூட்ஸ் முனைகள் புடைத்து நின்றன. அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது. உள்ளே பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது, தண்ணீருக்குள்ளிருந்து சிரிப்பதுபோல.