சாராளின் பன்னீர்ச்செம்பு

இந்த வருஷமாவது அவள் பெயரை யாரும் சொல்லக் கூடாது.

கல்லூரி அரங்கத்தின் பூட்டைத் திறந்தபோது கல்யாணியின் மனதில் இருந்தது அது ஒன்றுதான். நாளை காலை முதலாண்டு மாணவர்களுக்கு வரவேற்பு விழா. நிகழ்ச்சி நிரல் முழுவதும் கல்யாணி போட்டது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லாரும் பேசியது சாராளைப் பற்றி. ஆறு வருஷம் இதை நடத்தியவள். சேர்க்கைப் படிவத்துப் படங்களைப் பார்த்தே முகங்களை மனப்பாடம் செய்து, பன்னீர்ச்செம்போடு வாசலில் நின்று, இருநூற்று நாற்பது பிள்ளைகளையும் பேர் சொல்லி அழைத்தவள். போன மார்கழியில் மாமல்லபுரத்தில் அலை அவளை இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் புதுப்பட்டினத்தில் உடல் ஒதுங்கியது.

“நீங்களும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க கல்யாணி. முடியலைன்னா அடுத்த வருஷம் வேற யாராவது பாக்கட்டும்” என்றிருந்தார் டீன்.

பத்து நாள் படங்களோடு உட்கார்ந்தும் முப்பது முகங்கள்தான் மனதில் நின்றன.

அட்டெண்டர் துரை செம்பை மேசைமேல் வைத்தார்.

“இன்னா மேடம், மூஞ்சி தொங்கிக்கினு கீது? சாராளம்மாவா இருந்தா இந்நேரம் பாட்டு பாடிக்கினு இருக்கும்.”

“செம்பைக் கழுவினீங்களா?”

“கழுவி, கவுத்து, காயவச்சி எட்த்தாந்தேன். சொட்டுத் தண்ணி இல்ல.”

அவர் போன பிறகு கல்யாணி முன்வரிசையில் அமர்ந்து படங்களைப் பிரித்தாள். காலி நாற்காலிகள். மத்தியான வெயில் ஜன்னலோடு நின்றுவிட்டது. எங்கிருந்தோ பன்னீர் வாசனை வந்தது. அதற்கு அடியில், கரையில் கிடந்து அழுகிய கடற்பாசியின் நாற்றம்.

முதல் படம். யாரென்று தெரியவில்லை.

“இனியன்.”

காதுக்குப் பின்னால், ஈரமான குரல்.

திரும்பினாள். யாருமில்லை. படத்தின் பின்னால் எழுதியிருந்த பெயரைப் புரட்டிப் பார்த்தாள். இனியன்.

அடுத்த படம்.

“சுஷ்மிதா.”

அதுவும் சரி.

அவள் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பயத்தை முந்திக்கொண்டு வேறொன்று நெஞ்சில் எரிந்தது. இந்தப் பிள்ளைகள் சேர்ந்ததே சாராள் செத்த பிறகுதானே. இவர்களையும் எப்படித் தெரியும் இவளுக்கு?

மறுநாள் காலை. செம்போடு வாசலில் நின்றாள் கல்யாணி. பேருந்துகளிலிருந்து இறங்கிய பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள்.

“ஷபானா” என்றது குரல்.

“வாம்மா ஷபானா” என்றன கல்யாணியின் உதடுகள்.

அந்தப் பெண் மலர்ந்து போனாள். அடுத்தவன் ஷ்யாம். பன்னீர் தெளித்ததும் உதட்டை நக்கிக்கொண்டான்.

“இன்னா மேடம், உப்பு கரிக்குது?”

பின்னால் டீன் சிரித்தார். “பேர் சொல்றது அப்படியே சாராள்தான்!”

கல்யாணி அவர் பக்கம் திரும்பவில்லை.

அப்போது செம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள்மேல் சில்லென்று வேறு விரல்கள் படிந்தன. நனைந்து ஊறிய, மணல் ஒட்டிய விரல்கள்.

“கை வலிக்குதா கல்யாணி? குடு. நான் நிக்கிறேன்.”

வரிசை வளைந்து கேட் வரை நீண்டிருந்தது. கொடுத்துவிட்டால் ஒரு பெயரும் தப்பாது.

“மாட்டேன்.”

அவளுக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள். எதிரே நின்ற பையனை நிமிர்ந்து பார்த்தாள். இவன் முகமும் தெரியாத முகம்தான்.

“அபிஷேக்” என்றது காதருகே.

“உன் பேரு என்னப்பா?” என்று கேட்டாள் கல்யாணி.

டீனின் சிரிப்பு நின்றது. பையன் பெயரைச் சொன்னான். அந்த விரல்கள் விலகவில்லை. அவள் செம்பை இன்னும் இறுக்கிக்கொண்டு அடுத்தவளிடம் திரும்பினாள்.

“உன் பேரு?”