ஜன்னல் விளிம்பில் இருபத்தொரு வளையல்

கேட் திறந்தபோது சத்தம் வரவில்லை.

துருப்பிடித்த பழைய இரும்புக் கேட் அது. கீல் இரண்டும் பழுப்பேறி, தொட்டால் விரலில் பொடி ஒட்டும் போலிருந்தது. வீட்டுத் தரகர் சிவநேசன் தோளைக் கொடுத்து முட்டித்தான் தள்ள வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட கேட், நியாயமாகப் பார்த்தால், தெருவையே எழுப்பியிருக்க வேண்டும். புனிதா பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கிரீச்சுக்குத் தயாராக நின்றாள். ஒன்றும் வரவில்லை.

"எண்ணெய் போட்டு வச்சிருக்காங்க போல," என்றான் அவள் கணவன் விமலன்.

போட்டிருக்கட்டும். புனிதாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. இரண்டு மாதமாக அவர்கள் தேடிய தேடலில் இது பதினோராவது வீடு. செராஸில் பார்த்தது நல்ல வீடுதான். ஆனால் கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் மின்கோபுரம் எதிரில் நின்றது. அம்பாங்கில் வீட்டு வாசலிலேயே மோட்டார் சைக்கிள்கள் பறந்தன. பூச்சோங்கில் வீட்டுக்காரம்மா கொடுத்த தேத்தண்ணீரின் மேல்பரப்பு, லோரி போகும்போதெல்லாம் நடுங்கியது. விமலன் ஒருநாள் பொறுமை போய், "நீ வீடு தேடுறியா, சுடுகாடு தேடுறியா? அங்கதான் சத்தமும் இருக்காது, கம்பியும் இருக்காது," என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவளோடு பேச்சு இல்லாமல் கிடந்தான்.

அவனுக்கென்ன, சொல்லுவான். சுங்கை வேயில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கூரைக்கு மேலேதான் பெரிய மின்கம்பி போனது. மழை பெய்தால் அது முனகும். பின்சுவருக்கு அப்பால் ஹைவே. அந்த வீட்டில்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐந்தாம் மாதத்தில் அவள் வயிற்றில் இருந்தது போய்விட்டது. கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். டாக்டரா அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு அங்கே படுத்தார்? இப்போது இது ஏழாம் மாதம். இந்தப் பிள்ளையை அந்தக் கூரைக்குக் கீழே பெற்றுக்கொள்வதில்லை என்று புனிதா முடிவு செய்திருந்தாள்.

இது கிள்ளானில், பெரிய சாலையிலிருந்து விலகி, ஒரு தாமான் குடியிருப்பின் கடைசித் தெருவில் கடைசி வீடு. புனிதா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வெறும் வானம். கைப்பையிலிருந்து, மின்கம்பியின் வீச்சை அளக்கும் குட்டி மீட்டரை எடுத்து உயரப் பிடித்தாள். முள் அசையவில்லை.

"அண்ணே, நீங்க உள்ள வரலையா?"

"நீங்க பாருங்கம்மா. எனக்கு ஃபோன் வரும், உள்ள லைன் கிடைக்காது," என்றார் சிவநேசன். கேட்டுக்கு வெளியே, 'விற்பனைக்கு' என்று எழுதிக் கம்பியால் கட்டியிருந்த பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கையில் ஃபோனே இல்லை என்பதை அவள் கவனித்தாள். கவனித்து, விட்டுவிட்டாள்.

விமலன் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனான். புனிதா பின்னறைக்குப் போனாள். தொட்டில் போட வேண்டிய அறை அதுதான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மதிய வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்திருந்தது. சுவரில் பழைய சுண்ணாம்பு வாசம், அதற்கடியில் மெல்லிய பால்வாடை, பச்சைப் பிள்ளையின் கழுத்து மடிப்பில் வருமே, அந்த வாடை. ஜன்னல் விளிம்பில் கனமான தூசி. தூசியில் வட்ட வட்டமாகத் தடங்கள். டம்ளர் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபோனில் சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்தாள். சுங்கை வே படுக்கையறையில் அது அறுபதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. இங்கே முப்பது. கையைக் கொஞ்சம் அசைத்தாள், ஐம்பதுக்குத் தாவியது. வளையல்.

போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில் போட்டவை. வலது கையில் பதினொன்று, இடது கையில் பத்து, எல்லாம் கண்ணாடி. அம்மா நல்லம்மாள் ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "பிரசவ ரூமுக்குப் போற வரைக்கும் கழட்டிறாத. இந்தச் சத்தத்த வச்சுதான் புள்ள உன்ன அடையாளம் பிடிக்கும்." உண்மைதான் போலிருந்தது. கையை வயிற்றுக்குப் பக்கத்தில் குலுக்கினால் போதும், உள்ளேயிருந்து ஒரு உதை விழும். ராத்திரியில் விமலன் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தான்.

ஆனால் அளவு சரியாக வர வேண்டுமே. பத்து வீட்டில் ஏமாந்தவளுக்கு இதில் ஒரு பிடிவாதம். இரண்டு நிமிஷத்துக்குத்தானே என்று சமையலறைக்குப் போய், காய்ந்து கிடந்த சோப்புத் துண்டை நனைத்து, வீங்கிய கையிலிருந்து ஒவ்வொன்றாக உருவினாள். இருபத்தொன்றையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கினாள்.

முப்பது. இருபத்திரண்டு. பதினான்கு. எண் இறங்கிக்கொண்டே வந்தது. இவ்வளவு நல்ல வீடா என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது. நான்கு.

பூஜ்ஜியம்.

அப்போதுதான் தன் மூச்சே தனக்குக் கேட்கவில்லை என்பது தெரிந்தது. "விமல்," என்று கூப்பிட்டாள். தொண்டை அதிர்ந்தது, உதடு அசைந்தது, சத்தம் இல்லை. காலால் தரையைத் தட்டினாள். இல்லை. சுவரில் உள்ளங்கையால் அடித்தாள். கை எரிந்தது. சத்தம் இல்லை. வாசல் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் வெளிச்சம் வந்த திசையில் ஓடினாள்.

கேட்டைத் தாண்டியதும் உலகம் திரும்பி வந்தது. எங்கோ ஒரு நாய், யாரோ துவைத்த துணியை உதறும் சத்தம், பின்னாலேயே ஓடிவந்த விமலன்.

"என்னம்மா, மூச்சு வாங்குது?" என்றான் அவன்.

"காது அடைச்சிருச்சு. வாங்க போகலாம்."

"வீடு பிடிச்சிருக்கா?" என்று சிவநேசன் கேட்டார். கேட்டது அவள் முகத்தைப் பார்த்து அல்ல. அவர் அவளுடைய வெறும் மணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் பாதி தூரம் வந்தபிறகுதான் வளையல் ஞாபகம் வந்தது. திரும்பலாமா என்றான் விமலன். மழை கொட்ட ஆரம்பித்திருந்தது, நாளைக்கு எடுத்துக்கலாம் என்றாள். அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள் என்ற பயம்தான் அப்போது இருந்தது. வீடு வந்து சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்தபோது வேறு பயம் வந்தது. மத்தியானத்திலிருந்து ஒரு உதைகூட விழவில்லை.

பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்க அவர்களிடம் ஒரு சின்ன மிஷின் இருந்தது. போன தடவை பட்ட பாட்டில் விமலன் வாங்கி வைத்தது. வயிற்றில் ஜெல் தடவி வைத்தாள். வழக்கமாகக் குதிரை ஓடுவது போல டுக் டுக் டுக் என்று அறை முழுக்க ஓடும். இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் திரையில் துடிப்பின் எண் இருந்தது.

146.

"ஸ்பீக்கர் போச்சு லா," என்றான் விமலன். "நம்பர் நல்லாத்தானே இருக்கு? படு."

அவன் தூங்கிவிட்டான். அவள் மேலே கம்பி முனகுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பொழுது விடிந்தபோது எண் 129.

எட்டு மணிக்கெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கமான கிளினிக்கில் இருந்தார்கள். டாக்டரின் திரையில் அந்தச் சின்ன இதயம் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஸ்பீக்கரைத் திருகினார், தட்டினார், நர்ஸைக் கூப்பிட்டு வேறு மிஷின் கொண்டுவரச் சொன்னார். அதிலும் சத்தம் இல்லை. 112. டாக்டரின் முகம் மாறிவிட்டது. "பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. நான் ஃபோன் பண்ணிச் சொல்லிடுறேன்."

கார் நகரத்துக்குள் திரும்பியது. புனிதா பின்சீட்டில் மிஷினை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். 108. சிவப்பு விளக்கு. 103. கிள்ளானிலிருந்து தூரம் கூடக்கூட, ஒவ்வொரு சந்திப்பு தாண்டும்போதும் ஒன்றிரண்டு குறைந்தது. 97.

"வண்டிய திருப்புங்க."

"என்ன?"

"கிள்ளானுக்குத் திருப்புங்க. அந்த வீட்டுக்கு."

"பைத்தியமா உனக்கு? ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷம்!"

"விமல், என் புள்ள செத்துரும். திருப்புங்க!"

அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. திருப்பினான். ஃபெடரல் ஹைவேயில் ஏறும்போது 98. சுங்கை வே தாண்டும்போது 109. விமலன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். அவள் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஷா ஆலம், 120. கிள்ளான் பாலம், 133. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்திருந்தன.

கடைசித் தெரு. 141.

கேட் திறந்தே கிடந்தது. சிவநேசன் வெளியே, அதே இடத்தில், குடையோடு நின்றார். வருவார்கள் என்று காத்திருந்தவர் மாதிரி ஒதுங்கி வழிவிட்டார்.

பின்னறை. பால்வாடை நேற்றைவிடக் கூடியிருந்தது. ஜன்னல் விளிம்பில் வளையல் இல்லை. தூசியில் மட்டும் புதிதாக வட்டங்கள். எண்ணினாள். இருபத்தொன்று. அவற்றுக்குப் பக்கத்தில் பழைய வட்டங்கள், பாதி மூடியவை. அவற்றுக்கும் அப்பால் இன்னும் பழையவை. டம்ளர் இல்லை. எல்லாமே வளையல் தடம்.

அப்போது கேட்டது. சத்தமே இல்லாத வீட்டில் அந்த ஒரே சத்தம்.

கண்ணாடி வளையல். சுவருக்குள்.

யாரோ பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுவது போல, குலுக்கி, நிறுத்தி, மறுபடி குலுக்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் புனிதாவின் வயிற்றில் உதை விழுந்தது. ஓங்கி. சந்தோஷமாக. அந்தப் பக்கம் பார்த்து.

சுவரில் காதை வைத்தாள். டுக் டுக் டுக் டுக். அவள் பிள்ளை. திரையைப் பார்த்தாள். 146. ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். 138. இரண்டு அடி. 121. ஓடிவந்து சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

விமலன் அறை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். வாய் திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் இல்லை. வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான். 119. திரையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் பார்த்தான். கையை விட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

திறந்து கிடந்த கதவுகளுக்கு அப்பால் சிவநேசன் கேட்டிலிருந்து விற்பனைப் பலகையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல், கம்பியை ஒவ்வொரு முடிச்சாக.

புனிதா மறுபடி காதை வைத்தாள். டுக் டுக் டுக். அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதே வேகம், அதே குட்டிக் குரல். அதற்கும் அப்பால் வேறொன்று. காதைச் சுவரோடு இழைத்துக்கொண்டே நகர்ந்தாள். இங்கே ஒன்று. கீழே ஒன்று. மூலையில் இரண்டு. சுவர் முழுக்க. எது அவளுடையது? முதலில் கேட்டது எந்த இடம்? எங்கே நின்றிருந்தாள்?

மிஷினைப் பார்த்தாள். பேட்டரி விளக்கு சிவப்பாக மினுக்கியது. 146. 146. திரை அணைந்தது.

இரண்டு உள்ளங்கையையும் விரித்துச் சுவரில் வைத்து, கன்னத்தை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எல்லாம் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன.

அவற்றில் ஒன்று நின்றது.