திறந்தவர்: அம்மா

அவள் பட்டனைத் தொடவே இல்லை. ஆனாலும் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ஆப் திறந்ததாகப் பதிவில் ஒரு வரி இருந்தது. திறந்தவர்: அம்மா.

அவளே எழுதிய ஆப்தான். இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மகளைப் பகலில் விடும் குழந்தைகள் காப்பகத்துக்காகச் செய்து கொடுத்தது. பெற்றோரின் சாட் குழுவில் உள்ள பட்டனை அழுத்தினால் அங்கேயே ஒரு சின்னப் பக்கம் விரியும். ‘வந்துவிட்டேன்’ என்று தட்டினால் மிஸ் பிள்ளையை வாசலுக்குக் கூட்டி வருவார். பக்கம் திறந்திருக்கும்வரை நிமிடத்துக்கொரு சிக்னல் வரும். திறந்தது யார் என்பதை சாட்டை நடத்தும் நிறுவனமே முத்திரையிட்டு அனுப்பும். அதில் தில்லுமுல்லு நடக்காது.

அவளுடைய போன் எதிரே சார்ஜரில், திரை கறுத்துக் கிடந்தது.

சாத்திய ஜன்னலுக்கு வெளியே வெயில் திரைச்சீலையை மஞ்சளாக்கியிருக்க, சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தமும் லேப்டாப் விசிறியின் முனகலும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் தவிர அந்த நான்காம் மாடி வீட்டில் வேறெதுவும் அசையவில்லை. ஏதோ கோளாறு என்று தனக்கே சொல்லிக்கொண்டு சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். பதிவில் புது வரி, மூன்று நாற்பத்தொன்று: திறந்திருக்கிறது. முத்திரையைச் சரிபார்க்கும் ரகசியக் குறியீட்டையே மாற்றினாள். நாற்பத்திரண்டு: திறந்திருக்கிறது.

அடுத்த வரி: பிள்ளை ஒப்படைக்கப்பட்டாள்.

போனைப் பிடுங்கிக் காப்பகத்தைக் கூப்பிட்டாள்.

“மிஸ், பாப்பா அங்கதானே இருக்கா?”

“என்னங்க, விளையாடுறீங்களா? இப்பதானே நீங்களே வந்து கூட்டிட்டுப் போனீங்க.”

“நான் வீட்டை விட்டே கிளம்பலைங்க!”

“பச்சை டாப்ஸ்ல வந்தீங்களே... பாப்பா ஓடி வந்து கட்டிக்கிட்டாளே...” மிஸ்ஸின் குரல் தயங்கியது. “ஆமா, இப்ப பேசுறது யாரு?”

அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள்.

பச்சை.

வெளியே லிஃப்ட் கதவு இழுபட்டது. காலடிகள். ஒன்று குட்டி ஷூ, தத்தித் தத்தி. இன்னொன்று நிதானமாக.

நின்றன.

ஓடிப்போய்க் கதவுச் சங்கிலியை மாட்டினாள். பூட்டுக்குள் சாவி நுழைந்தது. திரும்பியது. கதவு நான்கு விரல் அகலம் திறந்து, சங்கிலியில் இடித்து நின்றது.

இடுக்கில் மகளின் முகம். நிமிர்ந்து அவளையே பார்த்தது.

“பாப்பா... அம்மாடா. உள்ள வாடா, சீக்கிரம்.”

குழந்தையின் உதடு பிதுங்கியது. பின்வாங்கி, பக்கத்தில் நின்ற கால்களைக் கட்டிக்கொண்டது.

“அம்மா, நம்ம வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க.”

மேலிருந்து ஒரு கை இறங்கி வந்தது. அதே பச்சை டாப்ஸின் கை. மணிக்கட்டில் அவளுடைய அதே தீத்தழும்பு. அது பிள்ளையின் கண்களை மெல்லப் பொத்தியது.

இன்னொரு கை, இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, சங்கிலியைத் தடவியது.