மலையை விட்டு இறங்கியவர்கள்

பேஸ்மென்றில் இருந்த பொம்மை மலையின் இடது சரிவு வெறுமையாகக் கிடந்தது. நேற்றுவரை அங்கே பெருவிரல் உயர ஈயச் சிப்பாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். சிவப்புத் தொப்பி, நீட்டிய துவக்கு, அதன் நுனியில் ஊசிபோல ஒரு கத்தி. இப்போது பசை காய்ந்த வட்டங்கள் மட்டும் தெரிந்தன. பேஸ்மென்ற் லைற்றைப் போட்ட நிஷாந்தி படியிலேயே நின்றுவிட்டாள். வாற போற சொந்தக்காரப் பிள்ளைகளின் வேலைதான், கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத சனியன்கள் என்று வாய்விட்டே திட்டினாள். திட்டி முடிந்த பிறகுதான் உறைத்தது. நேற்றிலிருந்து ஸ்நோ கொட்டுகிறது, வீட்டுக்கு ஒரு குஞ்சும் வரவில்லை.

அந்த மலை மரியோவுடையது. ஸ்ரௌவ்வில் நகரில் இந்த வீட்டை அவர்களுக்கு விற்ற ஸ்பானியக் கிழவர், பலகையாலும் சாந்தாலும் செய்து வைத்தது. கதவால் வெளியே போகாது என்று விட்டுவிட்டுப் போனார். வீட்டுத் திறப்பைக் கொடுத்த அன்று கதையும் சொன்னார். அவருடைய நாட்டில் முன்னொரு காலம் ராசா செத்துப்போக, மூன்று வயதுகூட ஆகாத மகளை ராணியாக்கினார்களாம். ராசாவின் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டைப்பிள்ளைக்கு முடிசூட்டுறதா என்று அவருடைய ஆட்கள் சிவப்புத் தொப்பியோடு மலைகளில் ஏறி வருஷக்கணக்காகச் சண்டை பிடித்தார்களாம். "இவர்கள் இன்னும் இறங்கவில்லை" என்று சொல்லிவிட்டு மரியோ சிரித்தார். அந்தச் சிரிப்பு நிஷாந்திக்கு அன்றே பிடிக்கவில்லை.

ஆனாலும் அந்த மலைக்கு முன்னால் சிம்மாசனத்தை இறக்கச் சொன்னது அவள்தான். பெரியபிள்ளையான மகள் துர்க்காவின் சாமத்தியவீட்டு விழா சனிக்கிழமை. டெக்கரேஷன்காரர் பொன்நிறக் கதிரையையும் கிரீடத்தையும் முந்தநாளே கொண்டுவந்து நின்றார்கள். மேலே ஹோல் முழுக்கத் தட்டுகளும் பலகாரப் பெட்டிகளும். நேற்றுப் பின்னேரம் மகளை அதில் இருத்தி, கிரீடம் அளவு பார்த்து, நாலு படமும் எடுத்து, "என்ர மகாராணி!" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால் 'சடக்'கென்று ஏதோ கேட்டது. பிறகு அதேபோலப் பல. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் என்று நினைத்தாள்.

இன்று மணமும் சேர்ந்துகொண்டது. ஈர மண், வியர்வை, அதற்கு மேலால் நெடியாக வெடிமருந்து. மட்டக்களப்பில் அந்த மணத்தோடு வளர்ந்தவளுக்கு யாரும் பெயர் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. புருஷன் அன்புராசாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, பேஸ்மென்ற்ல துவக்கு வெடிச்ச மாதிரி மணக்குது."

"உமக்கு விசரே? ஃபர்னஸ் ஃபில்டர் மாத்தேல்ல, அதான். நான் விட்பியில ட்ரஃபிக்குக்க நிக்கிறன், வையும்."

விசராம்! எல்லாம் தெரிந்தவர் சொல்லிவிட்டார். அவள் ஃபோனை வைக்கும்போது, சுவருக்குள் போகும் காற்றுக்குழாயில் மெதுவாக ஒரு மேளம் தொடங்கியது. அது அணிவகுத்து நடக்கிறவர்களுக்கு அடிக்கிற மேளம். அது மேல்மாடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா! கம் ஹியர்! ஏதோ கடிக்குது!"

நிஷாந்தி படிகளில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். துர்க்கா கட்டிலில் இருந்தபடி காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சிவந்த புள்ளிகள், ஊசியால் குத்தியதுபோல, வரிசை வரிசையாக மேல்நோக்கி. இந்தக் குளிரில் நுளம்புக் கடியா? அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலுக்கு மேலே ஒரு புள்ளி திறந்தது. இரத்தம் மணியாகத் திரண்டது. போர்வையின் மடிப்பில் ஒரு சிவப்பு ஒளிந்தது.

போர்வையை உதறி இழுத்தாள்.

மடிப்புக்கு மடிப்பு ஈயச் சிப்பாய்கள் நின்றார்கள். பார்த்தால் அசையவில்லை. கண்ணை வெட்டித் திறந்தால் ஒரு விரல்கடை மேலே நின்றார்கள். ஒருவனைப் பிடுங்கி எறியப் போனாள். கத்தி உள்ளங்கையில் இறங்கியது. ஈயம் குளிரவில்லை, உயிருள்ள உடம்பின் சூடு.

"எழும்பு, வெளிய ஓடுவம்!"

"ஏலாது அம்மா, கால் விறைச்சுப்போச்சு…"

தூக்கப் பார்த்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தூக்கிய கையிலும் குத்து விழுந்தது, இருவரும் நிலத்தில் சரிந்தார்கள். புள்ளிகள் இடுப்புக்கு வந்துவிட்டன. ஏறுகிறார்கள். என்ர பிள்ளையை மலையாக நினைத்து ஏறுகிறார்கள். உச்சி எது? தலை. நேற்றுக் கிரீடம் வைத்த இடம். அந்த முடியை வைத்தது யார்? நான்தானே, பாவி!

"நான் சொல்லுமட்டும் கீழ வராத. அப்பா வருவார். விளங்குதா?"

துர்க்கா தலையாட்டினாள்.

நிஷாந்தி பேஸ்மென்றுக்கு ஓடினாள். கதிரையில் கிடந்த கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் அழுத்தினாள். சிம்மாசனத்தில் ஏறி இருந்தாள். வாழ்நாளில் கத்தாத கத்து கத்தினாள்.

"நான்தான்ரா ராணி! அவள் சின்னப்பிள்ளை! என்னட்ட வாங்கோடா!"

மேளம் நின்றது.

மேலே எங்கும் சத்தமில்லை. பிறகு படிகளில் ஈயம் இறங்கும் ஒலி, மழை பிடிக்கிறதுபோல. கணுக்காலில் முதல் குத்து. அவளுக்கு ஆறுதலாக இருந்தது. வாங்கோ. இஞ்ச வாங்கோ. முழங்கால். மடி. கால் விறைத்தது, கை விறைத்தது. நெஞ்சுக்கு ஏறினார்கள்.

"அம்மா! கடி நிண்டிட்டுது! நடக்க ஏலும்!"

அங்கயே இரு என்று சொல்ல வாய் திறந்தாள். தொண்டையில் கத்தி. சத்தம் வரவில்லை.

"அம்மா?"

படியில் காலடி. பிள்ளை நொண்டி நொண்டி இறங்கினாள். வராத. வராதம்மா.

தோளில் நின்றவர்கள் ஏறுவதை நிறுத்தினார்கள். அந்த மரியோவின் கதை முழுதாக அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ராணி செத்தால் முடி யாருக்கு?

மகளுக்கு. ராசா செத்தபோதும் அப்படித்தானே, இவர்கள் சண்டை பிடிக்க ஏறியது அந்தப் பிள்ளையோடுதானே.

ஒருவன் மட்டும் உச்சிக்கு ஏறினான்; தலையில் ஒரு சின்னத் தள்ளல். கிரீடம் மடியில் விழுந்து, நிலத்தில் விழுந்து, உருண்டது. நிலத்தில் நின்ற சிவப்புத் தொப்பிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி அதற்கு வழிவிட்டன. கடைசிப் படியில் நின்ற பிள்ளையின் காலடியில் அது போய் நின்றது.

துர்க்கா அதை எடுக்கக் குனிந்தாள்.