டைல்ஸ் ஒட்டிய எர்த் குழி

திங்கட்கிழமை காலை, கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கி ப்ராஜெக்ட் லேப் பூட்டில் சாவியை நுழைத்தேன். சுரீரென்று அடித்தது. முழங்கை வரை ஏறியது.

மரக்கதவில் தொங்கும் சாதாரணப் பூட்டு அது. பத்து நாளாக லேப் மூடியிருந்தது. மெயினை அணைத்துவிட்டுப் போனதும் லேப் உதவியாளனான நான்தான்.

உள்ளே சால்டரிங் புகை வாசனை. அதற்கு அடியில் இன்னொரு கருகல் வாசனை. அது என்னவென்று தெரிந்தும் தெரியாதவன்போல் ஜன்னல் கொக்கியைத் தொட்டேன்.

அதுவும் அடித்தது.

கடைசி மேசையில் ஹரிஷ்குமாரின் மோட்டார் அப்படியே இருந்தது.

இறுதியாண்டுப் பையன். மோட்டாரின் வேகத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து கூட்டிக் குறைக்கும் ப்ராஜெக்ட். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ரெடிமேடாக வாங்கி வந்து பெயர் ஒட்டிக்கொள்ளும் ரகம் இல்லை. ஒவ்வொரு ஒயரும் அவன் கையால் இழுத்தது. எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. திருமங்கலத்துக் கரிசல் மண் தை முடிந்தாலே காய்ந்து வெடிக்கும்; காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. அதனால் ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் முறை வைத்து, லேபுக்குப் பின்னால் உள்ள எர்த் குழியில் தினம் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். மோட்டாரின் இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்தால், ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் இறங்க அந்தக் குழிதான் வழி.

அந்த வழியை அடைத்தவர் துறைத்தலைவர் வெள்ளைத்துரை. இரண்டாயிரத்து நாலு ஜனவரியில் ஆய்வுக் குழு வருகிறதென்று, நீட்டிக்கொண்டிருந்த எர்த் குழாயைத் தரையோடு அறுக்கச் சொல்லி, மேலே டைல்ஸ் ஒட்டிப் பூந்தொட்டியும் வைத்தார்.

"சார், எர்த் போயிரும்" என்றேன்.

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் இம்மானுவேல். பாத்துக்கலாம்."

முடிந்தது. யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

மார்ச்சில் ஒரு மதியம் ஹரிஷ் மோட்டார்மேல் கை வைத்தான். வைத்த கையை எடுக்க முடியவில்லை. நான் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று மாலையே தாள் தயாராக இருந்தது. 'மாணவர் சுவிட்சை அணைக்காமல், அவசரத்தில், தன் தவறால் தொட்டுவிட்டார்.' வெள்ளைத்துரை கையெழுத்துப் போட்டார். நேரில் பார்த்த சாட்சி என்று நானும் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்குப் பையன்கள் வந்தார்கள். அதே பூட்டை, அதே கொக்கியைத் தொட்டார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. மீட்டர் பூஜ்யம் காட்டியது.

பிறகு வெள்ளைத்துரை வந்து ஸ்டீல் நாற்காலியை இழுத்தார். அலறாத குறையாகக் கையை உதறினார்.

"எர்த்தைப் பாருய்யா."

"எந்த எர்த்த சார்?"

அவர் நாற்காலியை விட்டு விலகி நடந்தார்.

கையெழுத்துப் போட்ட இரண்டு பேரை மட்டும்தான் அது அடித்தது. மறுவாரமே அவர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வகுப்பெடுத்தார். பையன்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றாக அடிக்கட்டும் என்றுதான் இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள், பகல் இரண்டு மணி. கரண்ட் போனது. ஃபேன் நின்றது. லேபில் நானும் வெள்ளைத்துரையும் மட்டும்.

கடைசி மேசையில் மோட்டார் சுற்ற ஆரம்பித்தது.

மெதுவாக.

பிறகு வேகமாக.

"அணைய்யா" என்றார்.

"கரண்டே இல்ல சார்."

அது தானாக வேகம் குறைந்து நின்றது. ஹரிஷ் செய்ய நினைத்ததெல்லாம் அவ்வளவுதான்; கூட்டிக் குறைக்க வேண்டும். ப்ராஜெக்ட் வேலை செய்கிறது. மறுநாளிலிருந்து வெள்ளைத்துரை நீண்ட விடுப்பு.

அந்த வாரம் ஹரிஷின் அப்பா ராமமூர்த்தி வந்தார். கைத்தறி நூலுக்குச் சாயம் போடுகிறவர். நகக்கண்ணெல்லாம் நீலம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிர்றேன் சார். எம்மகன் மேலதான் தப்பா? அவங்கம்மாவுக்குச் சோறு எறங்கல. அவசரக்காரனா வளத்துட்டோமேன்னு தலையில அடிச்சிக்கிறா."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். பூந்தொட்டியை உதைத்துத் தள்ளினேன். என் ஆத்திரம் தீர டைல்ஸை உடைத்தேன். அறுத்த குழாயையும், சுருட்டி உள்ளே திணித்திருந்த ஒயரையும் காட்டினேன்.

"உங்க பையன் மேல எள்ளளவும் தப்பில்லைங்க. அறுக்கச் சொன்னது எங்க துறைத்தலைவர். பாத்துக்கிட்டு நின்னது நான். அவன் மேல பழியப் போட்டுக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அன்றோடு வேலை போனது. போகட்டும்.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டவர் என் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் உதறினார்.

"சார், ஒங்க கை ஷாக் அடிக்குது."

உண்மையைச் சொன்னால் விட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். விடவில்லை. நான் பின்னால் நகர்ந்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு கிட்டே வந்து, இரண்டு கையாலும் என் கையை இறுக்கிப் பிடித்தார். தோள் வரை அவருக்கு நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"விட்டுருங்க, வலிக்கும்."

"வலிக்கட்டும் சார். எம்மகன்தானே."

இப்போது கே.கே. நகரில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் இருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் ராமமூர்த்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போகிறார். இந்த வாரம் மனைவி ஹம்சவேணியையும் அழைத்து வந்திருந்தார். நான் அந்த அம்மாவிடம் கையை நீட்டினேன்.