கோடையில் வந்தவள்

"லாத்தா... ஹீட்டரைப் போட்டது யாரு?"

ஓரகத்தி பஸீனா போட்ட கத்தலில் மைமூன் தோசைத் திருப்பியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். குளியலறை வாசலில் ஐந்து வயது பர்ஹான் ஈரத்தோடு நின்று அலறிக்கொண்டிருந்தான். தோள்பட்டை செக்கச்செவேலென்று கன்றியிருந்தது.

ஷார்ஜாவில் மே மாதம் பிறந்துவிட்டால் எந்த வீட்டிலும் ஹீட்டர் போடமாட்டார்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக வரும் நீலக் குழாயில் தண்ணீர் கொதிக்கும். ஹீட்டருக்குள் தங்கி, வீட்டு ஏசியில் ஆறிய தண்ணீர் சிவப்புக் குழாயில் வரும். பிள்ளை வழக்கம்போல சிவப்பைத் திறந்திருக்கிறான்.

"நான் போடல பஸீனா."

"அப்ப ஜின்னு வந்து போட்டுச்சா? முப்பத்தெட்டு நாளா தலையில அடிச்சுக்கறேன், இங்க எல்லாம் தலைகீழு, கேட்டுச் செய்யுங்கன்னு... சொகமா வெந்நீர்ல குளிக்க ஆசைப்பட்டு எம்புள்ளைய வேகவச்சிட்டீங்களே!"

"இந்த வெயில்ல எவ வெந்நீர் கேப்பா?" என்றாள் மைமூன். பிள்ளையை இடுப்பில் தூக்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் தோளில் மெல்ல ஊற்றினாள். அவன் பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினான். பஸீனா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

படுக்கையறை வாசலில் பஸீனாவின் புருஷன் கலீல் நின்றிருந்தான்.

விடியற்காலையில் ஹாலில் பாய்விரித்துப் படுத்திருந்த மைமூன், பாதித் தூக்கத்தில் அவனைப் பார்த்திருந்தாள். குளியலறைக்கு வெளியே இருந்த சுவிட்ச் பலகையைத் தூக்கக்கலக்கத்தில் தடவிக்கொண்டு நின்றவன், அவள் புரண்டதும் திரும்பிப் பார்த்தான். ஃபேனும் ஹீட்டரும் ஒட்டி ஒட்டி இருக்கும். எதைத் தட்டினான் என்று அப்போது அவள் கவனிக்கவில்லை. இப்போது புரிந்தது. அவனுக்கும் புரிந்திருந்தது. கண் தரைக்குப் போய்விட்டது.

மைமூன் காத்திருந்தாள். அவள் மருமகளாகப் போனபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது, தாயில்லை. புருஷன் மூன்றாம் மாதமே கப்பல் ஏறிவிட, அம்மை போட்டுக் கிடந்த இந்தக் கொழுந்தனுக்கு இருபத்தொரு நாள் வேப்பிலை வீசியவள் அவள்தான். அவனைப் பெண்டாட்டி முன்னால் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. அவனே சொல்லட்டும்...

"மருந்து வாங்கிட்டு வரேன்" என்று கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்!

வெயிலுக்குப் பயந்து ஊரே காலியாகும் காலத்தில் மைமூன் இங்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் மூடியதும் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும். காலியாகும் வீடுகளில், தொழிலாளர் கேம்பில் கிடக்கும் கூலிக்காரர்கள் பெண்டாட்டியை விசிட் விசாவில் வரவழைத்து வைத்துக்கொள்வார்கள். அந்த இரண்டு மாதம்தான் அவர்களுக்குக் குடும்பம். 'நாங்க ஊருக்குப் போறோம் மதினி, வீடு உங்களுக்குத்தான்' என்று கலீல் சொல்லித்தான் மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தாள். ஆனால் பஸீனா பயணத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒற்றைப் படுக்கையறை வீடு. மைமூன் ஹாலில், புருஷன் ஜெய்லானி கேம்பில். வாரம் ஒருநாள் வந்து விருந்தாளிபோல உட்கார்ந்து சோறு தின்றுவிட்டுப் போனான்.

அன்றும் லீவு நாள். பஸ்ஸை விட்டு இறங்கி, பாதி பழுத்த பேரீச்சம்பழப் பையோடு, வேர்வை உப்பு பூத்த சட்டையில் பதினொரு மணிக்கு வந்தான். உட்காரும் முன்பே பஸீனா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"மச்சான், ஒண்ணு அவங்க எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இல்ல, அவங்கள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருங்க."

ஜெய்லானி தலையைச் சொறிந்தான். இருபது மாடிக்குச் சாரம் கட்டுகிறவன், தம்பி வீட்டு ஹாலில் எப்போதும் குனிந்தேதான் இருப்பான்.

"மைமூன்... தெரியாமப் போட்டுருப்ப. ஒரு வார்த்தை கேட்டுரு."

"கேக்க மாட்டேன்."

"இன்னும் இருபத்திரண்டு நாளுதான..."

"அதுக்காகத்தான் கேக்க மாட்டேன்!" மைமூனின் குரல் உடைந்தது, ஆனால் இறங்கவில்லை. "பத்தொம்பது வருஷத்துல நம்ம சேந்திருந்தது ரெண்டு வருஷம் தேறுமா மச்சான்? உச்சி வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு உங்களுக்குக்கூட ரெண்டரை மணி நேரம் விடுறான் கவர்மெண்டு. எனக்கு எவன் விட்டான்? செய்யாததுக்குக் கைகட்டி நின்னு, இந்த ஹால்ல கெடக்க வேணாம். ரூம் எடுங்க."

"ஓட்டல்லயா? நமக்கெல்லாம்..."

"இந்த வெயில்ல எவன் சுத்திப்பாக்க வரான்? பாதி வாடகைக்குக் குடுத்தும் காலியாக் கெடக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. நீங்க சாரம் கட்டுன ஓட்டலு கடற்கரைல நிக்குதுல்ல, அங்க போவோம். எம் பாஸ்போர்ட்டுல புருஷன்னு உங்க பேருதான் இருக்கு. ரூம் குடுக்க அது போதும்!"

ஜெய்லானி அவளையே பார்த்தான். பிறகு எழுந்து, அவள் பெட்டியைத் தோளில் தூக்கினான். தம்பி வீட்டில் அவன் நிமிர்ந்து நின்றதை பஸீனா அன்றுதான் பார்த்தாள்.

லிஃப்ட் கதவு திறந்தபோது கலீல் மருந்துப் பையோடு நின்றான். பெட்டியைப் பார்த்தான்.

"எங்க மதினி...?"

"ஒதுங்கு தம்பி. வழிய விடு."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து கேவினான்.

"பஸீனா... நான்தான் போட்டேன்! காலைல ஃபேனுன்னு நெனச்சு அதைத் தட்டிட்டேன். மதினி பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு... ஒரு வார்த்தை சொல்லல. நான்தான் பயந்து ஓடிட்டேன்!"

வீட்டு வாசலில் நின்ற பஸீனா மைமூனைப் பார்த்தாள். "பாத்தீங்களா? ஏன் லாத்தா சொல்லல... நான் என்னென்ன பேசினேன்!"

"அவன் சொல்லணும்னு இருந்தேன். வளத்தவளுக்கு அந்த ஆசை இருக்காதா?"

பஸீனா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மைமூனும் அழுதாள். கலீலின் தலையில் கைவைத்து, "எந்திரி. பிள்ளைக்கு மருந்தைப் போடு" என்றாள்.

"உள்ள வாங்க லாத்தா. எங்க ரூமை எடுத்துக்கங்க, நாங்க ஹால்ல..."

"வேணாம்மா. கோவம் தீந்துருச்சு. ஆனா போறது போறதுதான். மிச்சமிருக்கற இந்த இருபத்திரண்டு நாளும் என் நாளு."

கடற்கரைச் சாலையில் காற்று அடுப்புவாயைத் திறந்ததுபோல் வீசியது. ஆளே இல்லை. ஓட்டல் முன்னே டாக்சி நின்றதும் ஜெய்லானி பெட்டியோடு விறுவிறுவென்று கட்டடத்தின் பின்பக்கம் நடந்தான்.

"எங்க போறீங்க?"

"வழி இந்தப் பக்கம்தான். வேலை பாக்கறப்ப எட்டு மாசம் இப்படித்தான் போயி வந்தோம்..."

மைமூன் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணாடிக் கதவுக்கு நேராகத் திருப்பினாள்.

"அது சாரம் கட்ட வந்தவனுக்கு. இன்னைக்குப் பொண்டாட்டியோட வந்துருக்கீங்க. முன்வாசல்ல நடங்க."

கதவு தானாகத் திறந்தது. அவன் தயங்கினான். அவள் முதலில் உள்ளே போனாள்.